இருபதாண்டு உறங்கிய கதை வசனம்

கூலிக்கன்றி ஆசையின் பொருட்டு நாடகமாடுவோரை அமெச்சூர் என்றழைப்பது வழக்கம். அவர்கள் கையிலுள்ள கதை வசனப் பிரதியை எவரும் இலக்கியமாக மதிப்பதில்லை. திருவிழா முடிந்த மறுவாரம் அது கடைக்காரர் மிளகாய் மடிக்கப் போய்விடும். ஆயினும், சம்பளம் பெற்ற நிபுணர்கள் வேண்டாமென்று தள்ளிய எழுத்தைச் சம்பளமில்லாதவர்கள் எடுத்து வாழவைத்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதனை நம்மவர் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலானோம்.

'ஸ்டார் ட்ரெக்' என்னும் டெலிவிஷன் நாடகம் 1966 முதல் 1969 வரை நடைபெற்றது. ஐந்தாண்டு யாத்திரை என்று பறைசாற்றிப் புறப்பட்ட விண்வெளிக் கப்பல் மூன்றாண்டில், 79 கதைகளோடு நின்றுபோயிற்று. எஞ்சிய ஆண்டுகளில் அக்கப்பல் எங்கே சென்றது என்னும் ஏக்கம் ரசிகர் உள்ளத்தில் தங்கிவிட்டது. எல்விஸ் பிரெஸ்லியின் வேடந்தரித்துப் பாடிப் பிழைத்த ஜேம்ஸ் காவ்லி என்பவர் அவ்வேக்கத்திற்குக் கைகால் கொடுத்தார். மூல நாடகத்தின் உடையமைப்பாளரான வில்லியம் வேர் தீஸிடம் பெற்ற வரைபடங்களைக் கொண்டு கப்பலின் அறைகளை அவ்வண்ணமே கட்டினார். 'நியூ வாயேஜஸ்' என்னும் பெயரால் நான்காம் ஆண்டின் கதைகளைப் படமாக்கத் தொடங்கி, முதற்படத்தை 2004இல் வெளியிட்டார். பின்னர் இம்முயற்சி 'ஃபேஸ் டூ' என்றும் வழங்கலாயிற்று. கண்டோர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. எடுத்தோர் இலாபம் அடைவதுமில்லை. உரிமை பெற்ற கம்பெனியார் நெடுங்காலம் கண்டும் காணாதவர்போல் இருந்ததற்கு இதுவே காரணம்.

இத்தகைய படங்களுக்கு வசனம் எழுதுதல் எளிதன்று. நடிப்போர் யாவரும் வேறு தொழிலுடையோர். விடுமுறை நாட்களில்தான் கூடுவர். கட்டி முடித்த அறைக்குள் எத்தனை காட்சி வேண்டினும் எழுதலாம். புதியதோர் உலகம் வேண்டுமென்று ஒரு வரி எழுதிவிட்டாலோ பணப்பை காலியாகும். நடிப்பவர் வரவில்லையெனில் அவர் பேச்சை மற்றொருவர் வாயில் வைத்து, காட்சி கெடாமல் திருத்த வேண்டும். நம் தோட்டத்து நாடகக்காரர் இத்துன்பத்தை நன்கறிவர்.

இனி நம் கதைக்கு வருவோம். டேவிட் ஜெரால்ட் என்னும் எழுத்தாளர், இருபத்து மூன்று வயதில், 'ட்ரிபிள்ஸ்' என்னும் சிறு பிராணிகளைப் பற்றி எழுதிய நகைச்சுவைக் கதை 1967 டிசம்பரில் மூல நாடகத்தில் இடம்பெற்றுப் புகழடைந்தது. அதிலே பகைவன் ஒருவன் கப்பலின் தலைவரை வையும்போது 'இரத்தப்புழு' என்றொரு சொல்லை உவமைக்கு இழுக்கிறான். அந்த ஒரு வசைச்சொல்லே பிறகு ஒரு முழுக்கதைக்கு விதையாயிற்று.

1986ஆம் ஆண்டு இறுதியில் பாஸ்டன் நகரில் ரசிகர் மாநாடொன்று கூடிற்று. வரப்போகும் புதிய நாடகத்தில் ஆணை நேசிக்கும் ஆணுக்கும் கப்பலில் இடமுண்டா என்று ஒருவர் கேட்க, நாடகத்தைத் தோற்றுவித்த ஜீன் ராடன்பெரி இசைவு தெரிவித்தார். ஜெரால்ட் அச்சொல்லை மெய்யென நம்பினார். எய்ட்ஸ் நோய் 1981இல் வெளிப்பட்டு, மக்கள் அஞ்சி நடுங்கிய காலம் அது. இரத்தம் கொடுத்தாலே அந்நோய் பற்றுமென்று படித்தவர்களும் நம்பினர். புது ஊசியால் இரத்தம் எடுக்கையில் கொடுப்பவருக்கு நோய் எவ்வாறு வரும் என்று சிந்திப்பாரில்லை. இந்த மூடநம்பிக்கையை ஒழிக்கவே ஜெரால்ட் 1987இல் 'இரத்தமும் நெருப்பும்' எனப் பொருள்படும் கதை வசனத்தை எழுதினார். இரத்தப்புழுக்கள் பற்றிய கப்பலொன்று. அதில் அகப்பட்டோரை மீட்க மாலுமிகள் இரத்தம் தருகின்றனர். ஃப்ரீமன், ஈக்கின்ஸ் என்னும் ஆடவர் இருவரின் அன்பு ஒன்றிரண்டு வரிகளில் மட்டும் தெரியும். இரத்ததானம் செய்யுமாறு இறுதியில் பார்ப்போரை வேண்டிக்கொள்ளவும் எண்ணியிருந்தார்.

மேலிடத்தில் அச்சம் பிறந்தது. மாலை நேரத்தில் குழந்தைகள் பார்ப்பார்களே என்றனர். வேறொருவரைக் கொண்டு பிரதியைத் திருத்தினர். இருவர் அன்பும் அதில் மறைந்தது. தலைப்பிலிருந்த நெருப்பும் பனிக்கட்டியாயிற்று! திருத்தியதையும் எடுத்தாரில்லை. ஜெரால்ட் வெளியேறினார். திருத்தம் என்பது இருவகை. ஒன்று கருத்தைக் கூர்மையாக்குவது. மற்றொன்று கருத்தின் பல்லைப் பிடுங்குவது. இரண்டாவதையே சம்பளக்காரர்கள் செய்தனர்.

2004இல் அக்கதையை ஜெரால்ட் பெயர்களை மாற்றி நாவலாக்கினார். அதன்பின் காவ்லியின் குழுவினர் அவரையே அழைத்து, படத்தை இயக்கும் பொறுப்பையும் கொடுத்தனர். கார்லோஸ் பெட்ராசா என்பவரும் உடனிருந்து எழுதினார். புதிய நாடகத்துக்கென எழுதியதைப் பழைய கப்பலுக்கு மாற்ற வேண்டியிருந்தமையால் தலைவர் வேறு, மருத்துவர் வேறு, ஒவ்வொருவர் பேசும் தோரணையும் வேறு. ஆனால் முக்கியமான திருத்தம் பிறிதொன்று. முகமறியாத ஈக்கின்ஸ் நீங்கி, அவ்விடத்தில் கப்பல் தலைவரின் அண்ணன் மகனான பீட்டர் கிர்க் வந்து நின்றான். 1967இல் மூல நாடகத்தில் சிறுவனாகத் தோன்றியவனே அவன். இப்பொழுது வாலிபனாகி, தன் அன்பனை மணக்க அனுமதி கோருகிறான். முதற் பிரதியில் ஓரத்தில் நின்ற செய்தி இங்கே தலைவரின் குடும்பத்துக்குள் நுழைந்து, கடமைக்கும் பாசத்துக்கும் இடையே அவரை நிறுத்துகிறது. முதலிலும் இதுவே சிறந்த பிரதி என்பது நம் துணிபு. சண்டைக் காட்சிகளைக் கூட்டி இரு பாகமாக நீட்டியதை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை.

கலிபோர்னியாவில் இத்தகைய திருமணங்களைத் தடுக்கும் தீர்மானம் 2008 நவம்பரில் வாக்கெடுப்பில் வென்றது. மறுமாதமே படத்தின் முதற்பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2009இல்.

மற்ற எழுத்தாளர்களும் இக்கொட்டகையை நாடினர். மூல நாடகத்துக்கு எழுதிய டி. சி. ஃபொன்டானா 2006இல் இவர்களுக்கு வசனம் தந்தார். மூல நாடகத்தில் நடித்த ஜார்ஜ் டக்கேய் 2007இல் நடித்துக் கொடுத்த படம் மறுவருடம் ஹியூகோ பரிசுக்குப் போட்டியிட்டது. ஆனால் 2012இல் முட்டுக்கட்டை விழுந்தது. நார்மன் ஸ்பின்ராட் 1967இல் எழுதி, எடுக்கப்படாமலே கிடந்த கதையை இவர்கள் படமாக்க முனைந்தபோது, அக்காகிதம் தமக்கே சொந்தமென்று சி.பி.எஸ். கம்பெனியார் தடுத்தனர். எழுதியவன் விலை வாங்கிவிட்டான். ஆகவே நாற்பத்தைந்து ஆண்டு பூட்டி வைத்தாலும் அது வாங்கியவன் உடைமை. சட்டம் அவ்வாறிருக்கலாம். வாங்கிய நெல்லை விதைக்கவும் மாட்டேன், பிறரை விதைக்க விடவும் மாட்டேன் என்பதை நியாயம் என்று யார் சொல்வார்?

பின்னர் 'அக்ஸனார்' என்னும் மற்றொரு ரசிகர் படத்தார் பொதுமக்களிடம் 10 லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் திரட்டினர். அப்பணத்தில் சம்பளமும் கொடுத்தனர். கம்பெனியார் 2015 டிசம்பரில் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கோபத்தில் இம்முறை நியாயம் உண்டு. ஆசைக்கு எடுப்பதாகச் சொல்லித் தொழில் நடத்துவது அமெச்சூர் ஆகாது. வழக்கு 2017 ஜனவரியில் சமரசமாயிற்று. ஆனால் அதற்கு முன்பே, 2016 ஜூனில், எல்லா ரசிகர்க்கும் பொதுவான விதிகள் பிறந்துவிட்டன. ஒரு படம் 15 நிமிடம், இரு பாகமாயின் 30 நிமிடம், தொடர்கதை கூடாது, வசூல் 50,000 வெள்ளிக்கு மிகலாகாது. மூல நாடகங்களில் ஒருகாலத்தில் வேலை செய்தவர் எவரும் இதில் பங்குபெறலாகாது என்றும் ஒரு விதி. அந்த ஒரு வரியால் ஜெரால்டுக்கும் ஃபொன்டானாவுக்கும் டக்கேய்க்கும் கதவு சாத்தப்பட்டது.

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது சினிமாக் கணக்கு. ஆகவே, ரசிகர் படத்துக்கு எழுதுவோர் பதினைந்து பக்கத்துக்குள் கப்பலைப் புறப்படச் செய்து, இடரில் மாட்டி, கரைசேர்க்க வேண்டியவராயினர். காவ்லியின் படப்பிடிப்பு அவ்வாண்டோடு நின்றது. டிகாண்டிரோகா ஊரில் அவர் கட்டிய அறைகள், கம்பெனியாரின் அனுமதியோடு, சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சிசாலையாக 2016இல் திறக்கப்பட்டன.