அக்காள் கணவன், தங்கை காதலன்

கைவிட்டுப்போன காதலும் இறந்துபோகும் தாயும் சேர்ந்த குடும்பப் படம் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருவது 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு'. அதை இயக்கிய ஸ்ரீதர் மதுராந்தகத்துக்குப் பக்கத்துச் சித்தாமூர்க்காரர். அந்த ஊர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். வசந்தியும் பாஸ்கரும் காதலிக்கிறார்கள். அக்காள் கீதாவும் அவனையே விரும்புகிறாள் என்று தெரிந்ததும் வசந்தி விலகிக்கொண்டு, அவனை அக்காளுக்கே கட்டிவைக்கிறாள். கீதா ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இறக்கிறாள். பாஸ்கர் பிள்ளையோடு வசந்தியைத் தேடிப்போய்ச் சேரும்போது அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம் முடிந்திருக்கிறது. பிள்ளையையே பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். பட்டணத்துக் காதல் கதை, வங்காளத்து தேவதாஸின் சாயல் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையின் முடிச்சு கொள்வினை கொடுப்பினையில் இருக்கிறது. அந்த வழக்கத்தின் மேல் பத்தாண்டுக்கு முன்புதான் ஒரு சட்டம் வந்து விழுந்திருந்தது.

அந்த மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்களில் சம்பந்தம் என்பது இரண்டு வீடுகளின் ஏற்பாடு. பிரசவத்தில் பெண்கள் சாவது சாதாரணமாக இருந்த காலத்தில், மூத்தவள் போனால் இளையவளைக் கொடுப்பது பல சாதிகளில் இயல்பான முடிவு: பிள்ளைக்கு அந்நியத்தி சோறு போட வேண்டாம், செய்த சீர் வெளியே போக வேண்டாம், சம்பந்தி உறவும் அறுந்துவிடாது. இறந்த மனைவியின் தங்கையை மணப்பதை இங்கிலாந்துச் சட்டம் 1907 வரை செல்லாது என்றே வைத்திருந்தது. இங்கே அதைத்தான் பெரியவர்கள் முன்னின்று முடித்துவைத்தார்கள். பெண் வழி உறவுக்கு இருந்த கனம் அதே மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே தெரிகிறது. முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுச் சாசனம், கணக்குக் காட்டாத வாரியத்தாரோடு, அதாவது சபைக் குழு உறுப்பினரோடு, சேர்த்து அவர்களின் எந்தெந்த உறவினர் பெயரைத் தேர்தல் குடத்தில் இடக்கூடாது என்று அடுக்குகிறது. சிற்றன்னை, பேரன்னை மக்கள், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. அது பிராமணச் சபையின் விதி, ஊரெல்லாம் அப்படி இருந்ததற்குச் சான்றாகாது என்பது சரிதான். ஆனால் கல்யாணத்தால் வந்த உறவு பழியையும் பங்குபோட வேண்டியது என்று இந்த மண்ணில் கல்லிலேயே எழுதிவைத்தார்கள் என்பதற்கு அது போதும்.

மூத்தவள் சாகும்வரை காத்திருக்கவும் பழைய வழக்கம் சொல்லவில்லை. பிள்ளை இல்லையென்றால் அவள் இருக்கும்போதே தங்கையையும் கட்டினார்கள். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் கந்தபுராணத்தில் அமுதவல்லி, சுந்தரவல்லி என்ற திருமாலின் மகள்கள் இருவரும் முருகனையே விரும்பித் தவம் இருக்கிறார்கள். ஒருத்தி தெய்வானையாக, மற்றவள் வள்ளியாக வந்து இருவரும் அவனையே அடைகிறார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1949இல் இந்து இருதார மணத்தைத் தடுத்த சட்டம் வந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அதன்பின் ஒருவனை விரும்பும் அக்காள் தங்கையில் ஒருத்தி விலகியே ஆக வேண்டும், அல்லது ஒருத்தி சாக வேண்டும். ஸ்ரீதர் இரண்டையும் வைத்தார்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் படத்தில் இல்லையே என்று கேட்கலாம். கதைக்குள் சட்டம் பேச வேண்டியதில்லை. கதை எந்த வழியில் போக முடியாது என்பதை அது தீர்மானித்தால் போதும். சட்டம் வந்த பிறகும் இரண்டாம் தாரம் நிற்கவில்லையே என்பது கனமான கேள்வி. நிற்கவில்லைதான், கிராமத்தில் பலகாலம் நடந்தது. ஆனால் சட்டப்படி அவள் மனைவி இல்லை என்றானபின், படித்த வசந்தியை அந்த இடத்தில் கதாநாயகியாக உட்காரவைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது. தங்கையே தியாகம் செய்வது பெண்ணைப் பலியாக்கும் கதை என்ற குறையும் உண்டு. அதை நான் மறுக்க மாட்டேன். இருந்தும் ஸ்ரீதர் ஒரு காரியம் செய்தார். கீதா இறந்ததும் டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்தது தெரிந்துதான் இருந்திருக்கும்: பிள்ளைக்காகவாவது தங்கை வந்தாக வேண்டும், இப்போது சட்டமும் குறுக்கே நிற்காது. அந்த எதிர்பார்ப்பை வளரவிட்டு, வசந்திக்கு முன்பே வேறு கல்யாணம் முடித்துவிட்டார். கூட்டம் அழுதது காதல் தோற்றதற்கு மட்டுமல்ல, உறவு முறைப்படி நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனதற்கும்தான் என்பது என் கணிப்பு.

படம் தெலுங்கில் 1960இல் 'பெள்ளி கானுக'வாகவும் இந்தியில் 1961இல் 'நஸ்ரானா'வாகவும் போனது. மைத்துனியை மணப்பது அங்கெல்லாம்கூடத் தெரிந்த வழக்கம்தான். இன்று பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, தாய்ச்சாவு அரிதாகிவிட்டது, வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். கொடுக்கத் தங்கையே இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. இப்போது பார்ப்பவருக்கு, பாஸ்கர் ஏன் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லவில்லை என்ற எரிச்சல்தான் முதலில் வரும்.