பிக்கப் சரக்குந்து

பிக்கப் சரக்குந்து என்பது முன்புறம் மூடிய ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தளமும் கொண்ட இலகுரகச் சரக்கு வாகனம் ஆகும். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இது பிக்கப் வண்டி எனப்படுகிறது. இந்தியாவில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் பொறியால் இயங்குபவை. பழனி மலை போன்ற பகுதிகளில் விளைபொருள்களைச் சமவெளிச் சந்தைகளுக்குக் கொண்டு செல்ல இவை பயன்படுகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் படகு ஏற்றிய இழுவண்டிகளை இழுக்கவும் இவை பயன்படுகின்றன. இவ்விரு பணிகளுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்றத்தில் இழுக்கும் ஆற்றலை விட, முழுச் சுமையுடன் இறங்கும்போது கட்டுப்பாட்டில் நிற்கும் ஆற்றலே முதன்மையாகக் கருதத்தக்கது.

டீசல் பொறி

ருடால்ஃப் டீசல் உருவாக்கிய பொறி 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டப்பட்டது. இதில் காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அச்சூட்டில் எரிபொருள் தெளிக்கப்பட்டதும் தானே தீப்பற்றுகிறது. பெட்ரோல் பொறியில் உள்ள தீப்பொறிச் செருகி இதில் இல்லை. டர்போ பொருத்திய டீசல் பொறி, குறைந்த சுழற்சி வேகத்திலேயே மிகுந்த முறுக்குவிசையைத் தருகிறது. பாரத்துடன் நின்ற நிலையிலிருந்து நகர்வதற்கும், மெதுவாக மலையேறுவதற்கும் இப்பண்பு ஏற்றதாகும்.

இந்தியாவில் வரலாறு

மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் ஜீப் வண்டிகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. மலைச்சாலைகளில் இலகுரக வண்டிகளின் பயன்பாடு பரவ இவ்வண்டிகள் வழிவகுத்தன. டாட்டா நிறுவனத்தின் டாட்டாமொபைல் 206 என்ற பிக்கப் 1988-இல் வெளிவந்தது. அதே நிறுவனம் 2005-இல் டாட்டா ஏஸ் என்ற சிற்றுந்தை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் இது 702 கன செ.மீ. கொள்ளளவுடைய இரு உருளை டீசல் பொறியைக் கொண்டிருந்தது. அதன் திறன் 16 குதிரைத்திறன் ஆகும். தமிழ்நாட்டில் இதற்குக் "குட்டி யானை" என்ற பெயர் நிலைத்துவிட்டது. அசோக் லேலண்டின் தோஸ்த் 2011-இல் விற்பனைக்கு வந்தது. மகிந்திரா பொலிரோ பிக்கப் மலைக் கிராமங்களில் பரவலாகக் காணப்படும் வண்டிகளுள் ஒன்றாகும்.

பழனி மலைப்பகுதியில்

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில் வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்களில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு ஆகியவை பயிரிடப்படுகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூண்டு பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கும், காய்கறிகள் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்கும் செல்கின்றன. மலையிலிருந்து இறங்க வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் உள்ளன. இவ்விரு சாலைகளும் பெருமாள்மலையில் பிரிகின்றன.

இப்பகுதிப் போக்குவரத்தில் ஒரு சிறப்புக் கூறு உண்டு. பொதுவாக மலைப்போக்குவரத்து என்றதும் பாரத்துடன் ஏறுவதே நினைவுக்கு வரும். ஆனால் பள்ளங்கி போன்ற ஊர்களின் வண்டிகள் விளைச்சலை ஏற்றிக்கொண்டு இறங்குகின்றன. திரும்பும்போது பல நேரங்களில் குறைந்த சுமையுடனோ வெறுமையாகவோ ஏறுகின்றன. அதாவது வண்டியின் கடினமான பயணம் இறக்கத்தில்தான் நிகழ்கிறது.

ஏற்றம்

மொத்த எடை 3,000 கிலோகிராம் உள்ள ஒரு வண்டி, 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறுவதாகக் கொள்வோம். சரிவை வெல்ல ஏறத்தாழ 11 கிலோவாட்டும், சக்கரங்களின் உருளல் தடையை வெல்ல ஏறத்தாழ 2.5 கிலோவாட்டும் தேவை. இரண்டும் சேர்ந்து 18 குதிரைத்திறன் அளவே ஆகும். இன்றைய நடுத்தரப் பிக்கப் வண்டிகளின் திறன் இதைப் போலப் பல மடங்கு. எனவே விளம்பரங்களில் காட்டப்படும் உயர்ந்த குதிரைத்திறன் மலையேற்றத்திற்கு முழுமையாகத் தேவைப்படுவதில்லை. கீழ்க்கண்டவையே கவனிக்கத்தக்கவை:

- முறுக்குவிசை: அதன் உச்ச அளவு எவ்வளவு குறைந்த சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்பது முக்கியம்.
- முதல் கியர்: இது போதிய அளவு தாழ்வாக இல்லையெனில், கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் விரைவில் தேயும்.
- டர்போ: ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பொறி அதற்கேற்பத் திறனை இழக்கும். டர்போ இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்கிறது.
- திரும்பும் ஆரம்: நீளமான வண்டிகள் குறுகிய வளைவுகளில் பின்னெடுத்துத் திரும்ப நேரிடும்.
- இயக்கச் சக்கரங்கள்: பின்சக்கர இயக்கம் கொண்ட வண்டி வெறுமையாக ஈரமான சரிவில் ஏறும்போது பின்சக்கரங்கள் வழுக்கலாம். மண்பாதையுள்ள தோட்டங்களுக்கு நான்கு சக்கர இயக்கம் பயன்தரும்.

இறக்கம்

கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையேயான உயர வேறுபாடு சுமார் 1,800 மீட்டர். 3,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி இவ்வுயரம் இறங்கும்போது ஏறத்தாழ 53 மெகாஜூல் நிலையாற்றலை இழக்கிறது. அறை வெப்பநிலையில் உள்ள 160 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதுமானது. இதில் ஒரு பகுதியை உருளல் தடையும் காற்றுத் தடையும் ஏற்கின்றன. எஞ்சியதைப் பொறியும் பிரேக்குகளும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும். மேற்கூறிய சரிவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது இது ஏறத்தாழ 12 முதல் 13 கிலோவாட் வரை ஆகும். பன்னிரண்டு வெந்நீர்க் கம்பிகள் இடைவிடாது எரிவதற்கு இது ஒப்பாகும்.

இவ்வெப்பம் முழுவதும் பிரேக்கில் இறங்கினால் இரு வகைக் கேடுகள் நேரும். முதலாவது, பிரேக் கட்டைகள் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழக்கின்றன. இந்நிலையில் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்பதில்லை. இரண்டாவது, பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி தரை வரை சென்றும் அழுத்தம் சக்கரத்தைச் சேராது. டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு. ஈரம் உறிஞ்சிய நிலையில் இவ்வரம்பு 140 பாகையாகக் குறைகிறது. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 பாகைகள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே ஓடிய தூரம் குறைவாக இருப்பினும், பொதுவாக இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வழக்கம்.

இதற்கான தீர்வு, பொறியையே தடுப்பாகப் பயன்படுத்துவதாகும். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பொது விதி. டீசல் பொறியில் பெட்ரோல் பொறியைப் போலக் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு பொதுவாக இல்லை. எனவே அதன் இயல்பான தடுப்பாற்றல் குறைவு. தாழ்ந்த கியர் இன்றியமையாதது. பெரிய சரக்குந்துகளில் இதற்கெனப் புகைபோக்கி பிரேக் பொருத்தப்படுவதுண்டு.

எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் கியரை விடுவித்தோ பொறியை அணைத்தோ இறங்குவது மிகவும் ஆபத்தானது. அவ்வாறு செய்தால் பொறியின் தடுப்பு இல்லாமற் போகும். பொறி அணைந்தபின் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிட அமைப்பு சில அழுத்தல்களிலேயே தீர்ந்துவிடும், திசைமாற்றியும் கடினமாகும். தற்காலப் பொறிகளில், கியரில் இறங்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பு தானே நின்றுவிடுகிறது. ஆகவே பொறியை அணைப்பதால் மிச்சமாவது மிகச் சிறிதே.

எடைக் கணக்கு

பதிவுச் சான்றிதழில் வெற்று எடை, மொத்த எடை என இரு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றின் வேறுபாடே வண்டி ஏற்றக்கூடிய சுமையாகும். காட்டாக, மொத்த எடை 3,000 கிலோகிராம், வெற்று எடை 1,700 கிலோகிராம் எனில் சுமை 1,300 கிலோகிராம். ஆட்கள், பின்னர் பொருத்திய இரும்புக் கம்பிக் கூண்டு, தார்ப்பாய் ஆகியனவும் இதில் அடங்கும். பட்டை வில்லுக்குக் கூடுதல் தகடு சேர்ப்பது ஊர்ப்பட்டறைகளில் காணப்படும் வழக்கம். இதனால் வண்டி தாழாமல் நிற்குமே தவிர, பிரேக், அச்சு, டயர் ஆகியவற்றின் தாங்குதிறன் சற்றும் உயராது.

படகு இழுத்தல்

இழுவண்டியில் படகு ஏற்றி இழுக்கும்போது மேற்கூறிய கணக்குடன் மேலும் சில சேர்கின்றன. படகு, அதன் பொறி, எரிபொருள், இழுவண்டி ஆகிய அனைத்தின் எடையையும் கூட்ட வேண்டும். காட்டாக, 1,500 கிலோகிராம் படகும் 500 கிலோகிராம் இழுவண்டியும் சேர்ந்தால் 2,000 கிலோகிராம். இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோகிராம், இணைப்புக் கொக்கியின்மீது இறங்குமாறு படகை வைக்க வேண்டும். இது மிகக் குறைந்தால் இழுவண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மிகுந்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். கொக்கியின் மீதுள்ள இவ்வெடை பிக்கப்பின் சுமைக் கணக்கிலும் சேரும்.

சில நாடுகளில் விற்கப்படும் பெரிய பிக்கப் வண்டிகளுக்கு 3,500 கிலோகிராம் வரை இழுதிறன் அறிவிக்கப்படுகிறது. இது தனக்கென பிரேக் உள்ள இழுவண்டிக்கே பொருந்தும். தமிழகக் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகளை மணலில் இழுக்க டிராக்டர்கள் பயன்படுகின்றன. பெரிய சக்கரங்களும் மிகத் தாழ்ந்த கியரும் மணலுக்குப் பொருத்தமானவை என்பதே இதற்குக் காரணம்.

நம்பகத்தன்மையும் பராமரிப்பும்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைத்துகள் வடிகட்டி உள்ளது. இதில் சேரும் கரி எரிய, புகை போதிய அளவு சூடாக வேண்டும். குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டிகளில் இது அடைபட வாய்ப்புண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கையேட்டில் கூறியவாறு வண்டியைத் தொடர்ந்து ஓட்டித் துகள்களை எரிக்க வேண்டும்.

பழைய வண்டியை வாங்குவோர் கிளட்ச், சட்டகத்தின் துரு மற்றும் விரிசல், பட்டை வில், பின்சக்கர உருளை பிரேக்குகள் ஆகியவற்றைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். உதிரிப்பாகங்களும் பழுதுநீக்குவோரும் அருகிலுள்ள ஊரில் கிடைக்கின்றனரா என்பதும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதியே. அறுவடை நாளில் நின்றுபோன வண்டி, விளைச்சலையும் சந்தை விலையையும் ஒருங்கே இழக்கச் செய்யும்.

சட்டம்

மோட்டார் வாகனங்கள் திருத்தச் சட்டம் 2019, மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத வண்டி இலகுரக வாகனமாகும். இலகுரக வாகன உரிமம் பெற்றவர் இவ்வரம்பிற்குட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். சரக்குத் தளத்தில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது விதிகளுக்கு முரணானது. வண்டி கவிழும் விபத்துகளில் உயிரிழப்பு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- முறுக்குவிசை
- கொண்டை ஊசி வளைவு
- பழனி மலை
- கொடைக்கானல் மலைப்பூண்டு