மாடமும் அங்கணமும்

மதுரை நகரின் பழைய தெருக்களில் 'வளவு' என்றும் 'காம்பவுண்டு' என்றும் வழங்கும் குடியிருப்புகள் சில இன்றும் எஞ்சியுள்ளன. ஒரே தலைவாயில்; உள்ளே நீண்ட நடை; இருமருங்கும் குடித்தனங்கள்; அனைவர்க்கும் பொதுவாய் ஒரு கிணறு. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு நகரம் புறத்தே விரிந்தது. 1875இல் புகைவண்டி வந்தது. 1892இல் ஆர்வி நிறுவனத்தாரின் ஆலை எழுந்தது. பிழைப்புத் தேடி வந்தோர் பலர்க்கு இடமளித்தவை இத்தகைய வளவுகளே. இவற்றின் சுவரிலும் தரையிலும் உத்தரத்திலும், என்ன பயன் கருதி அமைந்தன என்பதைக் குடியிருப்போரே அறியாத உறுப்புகள் பல உள.

வாயிற்கதவை அடுத்து, மார்பளவு உயரத்தில், மேற்புறம் கூம்பிய சிறு குழி விளக்கு மாடமாகும். மாடக்குழி என்றும், பிறை என்றும் கூறுவதுண்டு. அது காற்றினின்று சுடரைக் காத்தது. சுண்ணம் தீற்றிய அதன் உட்புறம் ஒளியைத் திருப்பி நடைக்குத் தந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், மின்சாரம் படிப்படியாகப் பரவவே, அகலின் பணி கார்த்திகைத் திங்களோடு சுருங்கிற்று. இன்று அம்மாடத்தில் சாவிக்கொத்தும் மாத்திரைப் பட்டையும் குடியிருக்கின்றன. எத்துணை முறை வெள்ளையடிப்பினும் எண்ணெய்ப் புகையின் கறை மட்டும் அதன் மேல்விளிம்பில் மீண்டும் தலைகாட்டும்.

உத்தரத்து இரும்பு வளையங்களைப் பிரித்தறிதல் எளிது. தனித்து நிற்பது தொட்டிலுக்கு உரியது. சமையற்கட்டில் தாழ்வாக இருப்பது உறிக்கு உரியது. கூடத்தின் நடுவே நான்காய் நிற்பவை ஊஞ்சலுக்கு உரியவை. ஆயின் ஒரே வரிசையில் இரண்டு மூன்று கொக்கிகளும், அவற்றுக்கு எதிர்ச்சுவரின் மேற்பகுதியில் கைவிரல் நுழையுமளவு ஒரு துளையும் காணப்படின், அவ்விடத்தில் பங்கா தொங்கியது எனத் துணியலாம்.

பங்கா பெரும்பாலும் துரைமார் பங்களாக்களுக்கு உரியது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் இறையியற் பள்ளியைப் பசுமலைக்கு மாற்றியது. இன்று தல்லாகுளத்திலுள்ள அமெரிக்கன் கல்லூரியும் 1881இல் பசுமலையில் தோன்றி, 1904இல் மதுரைக்குப் பெயர்ந்ததேயாகும். அத்தகைய இடங்களில் எழுந்த பங்களாக்களின் உயர்ந்த மேற்கூரையும் அகன்ற தாழ்வாரமும் வெயிலை எண்ணி அமைந்தவை. நீண்ட மரச்சட்டத்தில் துணி கட்டித் தொங்கவிட்டு, கயிற்றைச் சுவர்த்துளை வழியே தாழ்வாரத்துக்குக் கொண்டுசென்றனர். ஆங்கு அமர்ந்து ஒருவன் பகலும் இரவும் இழுத்தான். உள்ளே பேசுவது அவன் செவியில் விழலாகாது; அவனும் கண்ணிற் படலாகாது. துளையின் நோக்கம் இதுவே. கண்ணயர்ந்தமைக்காக அத்தகையோர் அடிபட்ட செய்திகள் அக்காலப் பதிவுகளில் உண்டு. மின்விசிறி வந்தபின் கொக்கி மின்விசிறிக்குப் பயன்பட்டது. துளையோ எலிக்கும் குருவிக்குமாயிற்று. லண்டன் நடைபாதைகளில் பதிந்துள்ள சிறு வட்ட இரும்பு மூடிகளும் இத்தகையனவே. அவை வீட்டின் நிலவறைக்குள் நிலக்கரி கொட்டுதற்கு அமைந்தவை. அங்கும் மூடி எஞ்சிற்று. கரி சுமந்தவன் மறைந்தான்.

தமிழ் பயில்வோர் பெரிதும் கருதத்தக்கது அங்கணம். சமையற்கட்டின் மூலையிலோ முற்றத்தின் ஓரத்திலோ, தரையினும் சற்றுத் தாழ்த்தி, கல் பாவி, ஒருபுறம் சரிவாக்கி, சுவரடியில் துளையிட்டு அமைத்த இடம் அது. பாத்திரம் கழுவிய நீரும், அரிசி களைந்த நீரும், கைகால் கழுவிய நீரும் அவ்வழியே வெளியேறின. தென்மாவட்டங்களில் முதியோர் 'அங்கணாக்குழி' என்பர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முற்றம், சாக்கடை, சேறு எனப் பொருள்கள் தருகின்றது.

திருவள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளில், தம் இனத்தார் அல்லாதார் முன் பேசும் பேச்சை அங்கணத்தில் கொட்டிய அமிழ்துக்கு ஒப்பிடுகின்றார். பரிமேலழகர் தூய்மையற்ற முற்றம் எனக் கொண்டார். இக்காலத்து எளிய உரைகள் பலவும் 'சாக்கடை' என்று கூறி அமைகின்றன. அங்ஙனம் கூறுமிடத்து மாணவர் மனத்தில் எழுவது தெருச்சாக்கடையே. அமிழ்தைக் கையிலேந்தித் தெருவுக்குச் சென்று கொட்டுவார் யார்? அங்கணமோ வீட்டினுள்ளே, அடுப்புக்கு நான்கு அடி தொலைவில் உள்ளது. கை சற்றே தவறினும் கலத்திலுள்ளது அங்கே விழும், விழுந்தது சரிவில் ஓடித் துளைவழி நீங்கும், வழித்தெடுக்க இயலாது. பேசுவோன் தன் அவையிலேயே இருப்பதாக எண்ணிச் சொல்லை இழக்கும் நிலைக்கு இதனினும் பொருந்திய இடம் வேறில்லை. வள்ளுவர் காலத்து அங்கணம் இவ்வடிவினதே என நிறுவ இயலாது; எனினும் வீட்டகத்து அங்கணத்தைப் பார்த்தவர்க்கே உவமையின் இழப்பு முழுதும் விளங்கும்.

இன்று வளவுகளில் அங்கணத்தை மண்ணிட்டு நிரப்பி, சிமெண்டு பூசி, அதன்மேல் சலவை இயந்திரத்தை நிறுத்துகின்றனர். சுவரடித் துளையில் மட்டும் இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாய் நுழைக்கப்பட்டிருக்கும்.