புள்ளி வைத்த கோப்புகள்: ஒரு குட்டி வரலாறு

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர் முதல் வாரம் என்ன செய்வார்? பின்னணிப் படத்தை மாற்றுவார், எழுத்துருவைப் பெரிதாக்குவார், கீழே இருக்கும் பட்டையை மேலே கொண்டுபோய் வைப்பார். பிறகு ஒருநாள் தன் ஹோம் அடைவில் மறைந்திருக்கும் கோப்புகளைத் திறந்து பார்த்தால், பெயரின் முதலில் புள்ளி வைத்த கோப்புகள் வரிசையாக நிற்கும். அவர் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கும்!

இந்தப் புள்ளி வந்த கதை வேடிக்கையானது. யுனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதில் ஒற்றைப் புள்ளி என்றால் இப்போதிருக்கும் அடைவு, இரட்டைப் புள்ளி என்றால் அதற்கு மேலுள்ள அடைவு. கோப்புகளைப் பட்டியலிடும்போது இவை இரண்டும் தெரியக்கூடாது என்று, பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடும்படி நிரல் எழுதிவிட்டார்கள். எழுதியவர் கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ என்று பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் 2012-இல் சொன்னார். அந்தக் குறுக்குவழியால் புள்ளி வைத்த எல்லாக் கோப்புகளுமே மறைந்தன. அமைப்புகளை ஒளித்து வைக்க நல்ல இடம் கிடைத்தது என்று நிரலர்கள் அதையே வழக்கமாக்கிக் கொண்டார்கள்.

சில கோப்புப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஆர்.சி.' இன்னும் பழையது. 1960களில் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் கட்டளைகளை வரிசையாக ஓட்டிய 'ரன்காம்' என்ற வசதியின் மிச்சம் அது.

சரி, டெஸ்க்டாப்புக்கு வருவோம். 1984-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய எக்ஸ் விண்டோ, சாளரம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தான் முடிவு செய்யவில்லை. அந்த வேலையைச் சாளர மேலாளர் என்ற தனி மென்பொருளிடம் விட்டது. 1993-இல் ராபர்ட் நேஷன் எழுதிய எஃப்.வி.டபிள்யூ.எம். அப்படிப்பட்ட ஒன்று. மெனு, நிறம், சுட்டியின் பொத்தான் என எல்லாவற்றையும் ஒரே உரைக்கோப்பில் பயனரே எழுதிக்கொள்ளலாம். 1995-இல் வந்த விண்டோஸ் 95, அமைப்புகளை ரெஜிஸ்ட்ரி என்ற பெட்டிக்குள் குவித்தது. இங்கோ சாதாரண எடிட்டர் ஒன்று இருந்தால் போதும்.

ஆனால் சுதந்திரத்தோடு பொறுப்பும் வந்தது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, பொதுவாக ஹோம் அடைவில் இருக்கும் கோப்புகளை லினக்ஸ் வெளியீடுகள் தொடுவதில்லை. பயனர் எழுதியது பத்திரமாக இருக்கும். ஆனால் பழசாகவும் இருக்கும். எஃப்.வி.டபிள்யூ.எம்.மின் இரண்டாம் பதிப்பு கோப்பின் பெயரையும் எழுதும் முறையையும் மாற்றியது. பழைய கோப்பை அப்படியே பயன்படுத்த முடியவில்லை. 2011-இல் குநோம் 3 வந்தபோது இன்னும் பெரிய அடி. பழைய பட்டைகளே போய்விட்டன. அமைப்புகளும் எடிட்டரில் திறந்து படிக்க முடியாத டிகான்ஃப் என்ற தரவுத்தளத்துக்குப் போயின. உரையாகப் பார்க்க வேண்டுமானால் தனிக் கட்டளை தேவை. பழைய குநோமே வேண்டும் என்றவர்களுக்காக அதே ஆண்டு மாட்டே தொடங்கியது.

நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஹோம் அடைவு முழுக்கப் புள்ளிக் கோப்புகள் சிதறிக் கிடந்ததால், அமைப்புகளை 'டாட் கான்ஃபிக்' என்ற ஒரே அடைவில் வைக்கலாம் என்று 2003-இல் ஃப்ரீடெஸ்க்டாப் ஒரு விதிமுறை வெளியிட்டது. 2005-இல் கிட் வந்தபின், பலரும் இந்தக் கோப்புகளை அதில் சேர்த்து, எப்போது எதை மாற்றினோம் என்று பதிவு வைக்கத் தொடங்கினார்கள்.

புதியவருக்கு இந்த வரலாறு எதற்கு? அடுத்தவரின் கோப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது சுலபம். ஆனால் எந்த வரி எதற்கு என்று தெரியாவிட்டால், அடுத்த பதிப்பு வரும்போது எதைத் திருத்துவது? கணக்குப் பதிவியலில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே விவரக் குறிப்பு எழுதுவதில்லையா, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். மாற்றும் முன் ஒரு நகல், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்கு மேலே ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி. அதை எழுதி வைத்தவருக்கு டெஸ்க்டாப் மாறினாலும் கணினியே மாறினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.