கோத்த ஏடும் தைத்த ஏடும்



எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் மாணவி ஒருத்தி அழுதுகொண்டே வகுப்புக்கு வந்தாள். இலக்கியக் குறிப்புகளை எல்லாம் தனித்தனித் தாளாக எழுதி ஒரு பிளாஸ்டிக் கோப்பில் செருகி வைத்திருந்தாள். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்து மாலை மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்றில் கோப்பு திறந்துகொண்டது. தாள்கள் பறந்துவிட்டன. ஓடி ஓடிப் பொறுக்கியும் இரண்டு பாடத்தின் குறிப்பு போயேபோச்சு. கிடைத்ததிலும் எதற்குப் பின் எது என்று தெரியவில்லை.

அவளைத் தேற்றிக்கொண்டிருந்தபோதே எனக்குப் புறநானூறு ஞாபகம் வந்துவிட்டது. ஆசிரியர் புத்தி, என்ன செய்வது!

பெயர் புறநானூறு. கையில் இருப்பது நானூறு அல்ல. 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவே இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234ஆம் பாட்டைக் காணோம். பதிற்றுப்பத்துதான் பெரிய இழப்பு: சேர மன்னர்களைப் பாடிய பத்துப் பத்துகளில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் முழுதாகப் போய்விட்டன. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும் 1904இல் பதிற்றுப்பத்தையும் பதிப்பித்தபோது, ஊர் ஊராகத் தேடிய சுவடிகளில் இருந்தவை மட்டும்தான் அச்சேறின.

ஏன் சரியாக முதலும் கடைசியும்? வகுப்பில் நான் சொல்லும் காரணம் இது (ஊகம்தான், தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்): ஒரு கட்டில் வெளியோரம் இருக்கும் ஏடுகள்தான் ஈரத்துக்கும் பூச்சிக்கும் கைபடுவதற்கும் முதலில் இரையாகும். உங்கள் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. முதலில் கிழிந்திருப்பது எந்தத் தாள்?

ஆக, எழுதுவது பாதி வேலை. எழுதியதை வரிசை கலையாமல் ஒன்றாகப் பிடித்து வைப்பது மறு பாதி. அந்த மறு பாதியின் வரலாற்றைப் பாடத்தில் நாம் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். வீட்டில் நாலு தாளை மடித்துத் தைத்துப் பார்த்தால் அது கைக்கே புரிந்துவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பனையோலை. ஓலையின் அகலம் சில விரற்கடைதான். நீளவாட்டில்தான் எழுத முடியும். காய்ந்த ஓலையை நடுவில் மடித்தால் முறிந்துவிடும். மடிக்க முடியாத ஒன்றை எப்படித் தைப்பது? அதனால் நம் முன்னோர் துளை போட்டார்கள். பொதுவாக ஓர் ஏட்டில் இரண்டு துளை. ஒன்றில் நூற்கயிறு கோத்துக் கட்டுவார்கள். மற்றதில் கம்பியோ மூங்கில் குச்சியோ செருகுவார்கள். அதற்கு நாராசம் என்று பெயர். கட்டின் மேலும் கீழும் மரச்சட்டம். ஒற்றை இலையாக இருக்கும்வரை அது ஏடு. கட்டிச் சேர்த்தால் சுவடி.

இந்த அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது: கயிற்றைத் தளர்த்தினால் நடுவில் ஓர் ஏட்டைச் சேர்க்கலாம், எடுக்கலாம். ஆபத்தும் அதே இடத்தில்தான். கயிறு அறுந்தால் எல்லாம் கலைந்துவிடும். என் மாணவியின் கோப்பு மாதிரி.

'நூல்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தைக்கும் இழையும் நூல், படிக்கும் புத்தகமும் நூல். இலக்கண மாணவர்கள் நன்னூல் பாயிரத்தைப் பார்க்கட்டும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இந்த ஒப்புமையை விரித்தே சொல்கிறார்: சொல்தான் பஞ்சு, புலவர்தான் நூற்கும் பெண், அவருடைய வாய்தான் கை, அறிவுதான் கதிர். அடுத்த பாட்டில் அதே நூல் தச்சன் கையிலுள்ள நூலாகி, மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்க்கிறது. நூற்பது வரை பாடிய பவணந்தியார் தைப்பதைப் பாடவில்லை. அவர் காலத்து ஏட்டில் தையல் இல்லை, கோப்புதான்!

('பொத்துதல்' என்றால் தைத்தல், அதிலிருந்துதான் பொத்தகம், புத்தகம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். வடமொழிப் புஸ்தகத்திலிருந்து வந்தது என்பார் வேறு சிலர். விவாதத்துக்கு நல்ல தலைப்பு. இரண்டு மதிப்பெண் விடைக்கு வேண்டாம்.)

தாள் வந்ததும் கதை மாறியது. தாளை மடிக்கலாம். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பின் முதுகில் ஊசி விட்டால் எந்தத் தாளும் தனியாக நழுவாது. 1554இல் லிஸ்பனில் தமிழ் அச்சானது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. அண்டிரிக்கு அடிகள் என்று நாம் அழைக்கும் என்ரிக்கே என்ரிக்கசு அதை 1578இல் கொல்லத்தில் வெளியிட்டார். அதற்கு எத்தனை பக்கம் தெரியுமா? 16. நான்கு தாளை நடுவில் மடித்தால் எட்டு இலை, 16 பக்கம். தமிழின் முதல் அச்சுப் புத்தகத்தின் பருமன், நீங்கள் இன்று இரவு சாப்பாட்டு மேசையில் தைக்கப்போகும் குறிப்பேட்டின் பருமன்தான்.

பிறகு தரங்கம்பாடி. சீகன்பால்கு 1713 வாக்கில் அங்கே தமிழ் அச்சைத் தொடங்கியபோது தாள் பெரிய தட்டுப்பாடு. அதற்காகவே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பொறையாறில் தாள் ஆலையும் அமைத்தார்கள். தாள் அவ்வளவு அருமையாக இருந்த காலம் அது. நாம் ஒரு பக்கம் அச்சடித்த தாளைக் குப்பையில் போடுகிறோம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. சட்டம் வந்தது, நோட்டுப் புத்தகம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. என் பாட்டி சிலேட்டில் எழுதியவர். அவருடைய அண்ணன் ஆபீசில் வீணான செக்ரோல் தாள்களைக் கிராணியிடம் கேட்டு வாங்கி, பின்பக்கம் வெற்றாக இருப்பதைப் பார்த்து மடித்து, கோணி ஊசியால் தைத்துத் தங்கைக்குக் கொடுப்பாராம். "அதுல எழுதினது அழியாது, சிலேட்டுல எழுதினா அழிஞ்சிடும்" என்று பாட்டி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது அதே வேலை பொழுதுபோக்காகத் திரும்பி வந்திருக்கிறது. 2006இல் ஜப்பானின் மிடோரி நிறுவனம் ஒரு தோல் அட்டையும் எலாஸ்டிக் கயிறுமாக 'டிராவலர்ஸ் நோட்புக்' கொண்டுவந்தது. அட்டை நிரந்தரம், உள்ளே செருகும் மெல்லிய குறிப்பேடுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையில் இன்செர்ட் என்கிறார்கள். நான் உள்ளேடு என்கிறேன். சட்டம் அப்படியே இருக்க, ஏட்டை மாற்றும் சுவடிக்கு இது தூரத்துச் சொந்தம் இல்லையா?

செய்முறை இவ்வளவுதான். ஏ4 தாளில் ஐந்து எடுத்து நடுவில் மடியுங்கள். ஆறுக்கு மேல் போனால் உள்தாள்கள் ஓரத்தில் பிதுங்கும். அட்டைக்குப் போன ஆண்டு நாட்காட்டித் தாள் போதும். எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பின் மேல் கவராய முனையால் மூன்று துளை போடுங்கள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி ஒவ்வொன்று. நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்தால் சிக்காது. ஊசியை உள்பக்கமிருந்து நடுத்துளை வழியே வெளியே விட்டு, மேல்துளை வழியே உள்ளே எடுங்கள். பிறகு நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே விட்டு, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு நுனியும் நடுவில் இருக்கும். நீளமாகக் கிடக்கும் தையலின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கம் இரண்டு நுனியும் வந்தால் முடிச்சு நிற்காது. என் வகுப்பில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். ஸ்டேப்ளர் போதாதா என்று கேட்பார்கள். நம் ஊர் ஈரத்தில் கம்பி துருப்பிடித்துத் தாளையும் கறையாக்கும். நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த மாணவி மூன்று உள்ளேடு தைத்தாள். தொலைந்த இரண்டு பாடத்தையும் தோழியிடம் வாங்கி முதல் உள்ளேட்டில் எழுதினாள். முதல் தாளையும் கடைசித் தாளையும் வெற்றாக விடச் சொன்னேன், பதிற்றுப்பத்தை எண்ணித்தான். பக்க எண்ணுக்குப் பதில், சுவடியில் போலவே ஒவ்வோர் இலைக்கும் ஓர் எண், இடது ஓரத்தில், தமிழ் எண்ணில். ௧, ௨, ௩ என்று போட்டுக்கொண்டே போனவள் ஒன்பது முடிந்ததும் தலையைத் தூக்கி, "சார், பத்துக்கு ஒன்னும் சைபருமா?" என்றாள். இல்லை, பத்துக்குத் தனி எழுத்தே இருக்கு, ௰ என்று பலகையில் எழுதிக் காட்டினேன். வகுப்பு முழுதும் அதைத் தன் ஏட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தது.