தோள் போயினும் கை நின்றது

மேற்கை எலும்பின் மேல்முனையில் புற்றுக்கட்டி தோன்றினால், முன்னாளில் தோளோடு கையைத் துணித்து விடுவார்கள். அந்தமானில் குடியேறி, உழைக்கும் கையையே முதலாகக் கொண்டு வாழும் நம்மவருக்கு இது எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து, ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னைக்குச் செல்லும் நோயாளியின் நெஞ்சில் நிற்கும் கேள்வியும் அதுவே: கை மிஞ்சுமா?

மிஞ்சும் என்று முதலில் காட்டியவர்களுள் ருஷிய அறுவை மருத்துவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். டிகோஃப் 1908இல் செய்த முறையை லின்பெர்க் 1928இல் விரித்து எழுதினார். நோயுற்ற தோள் எலும்புகளை அகற்றி, நரம்பும் குருதிக்குழாயும் அறாமல் கையைக் காத்தார்கள். தோள் துவண்டு தொங்கியது. ஆயினும் விரல்கள் எழுதின. பின்வந்த உலோக எலும்பைவிட இத்துணிவே பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது.

1940இல் அமெரிக்காவில் மூரும் போல்மனும் தொடையெலும்பின் மேற்பகுதிக்கு மாற்றாக உலோக உறுப்பைப் பொருத்தினர். 1970களில் நியூயார்க்கில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நோயாளியின் அளவுக்கேற்ற உலோக எலும்பைச் செய்து முடிக்கச் சில மாதங்கள் ஆயின. அதுவரை சும்மா இருப்பானேன் என்று மருந்து கொடுத்தார்கள், கட்டி ஒடுங்கியது. காத்திருப்பே சிகிச்சையாயிற்று! அம்மருந்துகளுள் ஒன்றான மெத்தோட்ரெக்ஸேட்டை 1940களில் உருவாக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அதே கல்லூரியைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனையில், 1980களின் இறுதியில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் இப்பணியைத் தொடங்கினார். அயல்நாட்டு உறுப்பின் விலை ஏழைக்கு எட்டாது. ஆகவே ஒவ்வொருவரின் அளவுக்கும் இங்கேயே செய்வித்தார். 2007இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கட்டியுள்ள எலும்பைச் சுற்றிலும் நல்ல தசையோடு வெட்டியெடுத்து, எஞ்சிய எலும்பின் குழலில் உலோகத் தண்டைச் செருகி, சிமெண்டால் இறுக்குவார்கள். பின்னர்க் கையைத் தலைக்கு மேல் தூக்குவது பெரும்பாலும் இயலாது. முழங்கை மடங்கும், சோறு பிசையலாம், கயிறு முடியலாம்.

பெரிய நரம்புகளையும் குருதிக்குழாய்களையும் கட்டி சூழ்ந்துவிட்டால் இன்றும் கையை இழக்க நேரும். எனவே, இரவிலும் ஓயாத வலியும் வீக்கமும் கண்டால் எண்ணெய் தேய்த்து உருவாமல், எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பதை, அறுவை செய்யப்போகும் மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்வது நலம். ஊசி சென்ற வழியையும் கட்டியோடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும்.