நம் மாவட்டத்துக் கல்



நேற்று திருமழிசையிலிருந்து பேத்தியுடன் எழும்பூர் அருங்காட்சியகம் போய் வந்தேன். 1851ல் தொடங்கிய அருங்காட்சியகம், 1854ல் இந்தப் பாந்தியன் தோட்டத்துக்கு வந்தது. மர நிழலில் தனித்தனிக் கட்டடங்கள். அமராவதிச் சிற்பங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள் எல்லாம் பார்த்தோம்.

ஆனால் பேத்தி நகராமல் நின்றது கற்கோடரிகள் முன்னால்தான். "தாத்தா, இதெல்லாம் எந்த ஊர்க் கல்லு?" என்றாள்.

ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அது நம் திருவள்ளூர் மாவட்டம், பூண்டிப் பக்கம். அவர் திரட்டியவை பின்னாளில் எழும்பூருக்கே வந்தன. அத்திரம்பாக்கக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011ல் சாந்தி பப்பு குழுவினர் அறிவித்தார்கள்.

"பழைய கற்காலம்" என்று கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னேன். அது நம் பக்கத்து ஆற்றங்கரைக் கதை என்று உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குறை என்னுடையது.

உங்கள் பிள்ளைகளிடமாவது சொல்லுங்கள். ஒருநாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. பூண்டியிலும் ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு.

எல்லோரும் நலமாக இருங்கள்.